அத்தாயி எடுத்த துண்டு

மலைமேல் குண்டனி நாடு என்கிற ஊரில் அத்தாயியைத் தெரியாதவர்கள் கிடையாது. பெரிய காரியம் செய்து பேர் எடுத்தவள் என்று சொல்ல முடியாது. சாமை குத்துவாள், ராகி திரிப்பாள், மாட்டுக்குத் தண்ணி காட்டுவாள், வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைப்பாள். மலையில் எல்லாப் பெண்களும் செய்கிறதுதான். ஆனால் அழுக்கைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. அடுத்த வீட்டுக்கு அடுப்பு நெருப்பு வாங்கப் போனாலும் அங்கே வாசலில் கிடக்கிற சருகைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போவாள். ஒரு தடவை சாவு வீட்டுக்குப் போனவள், ஒப்பாரி வைத்துக்கொண்டே பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த செம்பை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டு வந்தாள்.

“இவ கைலாசத்துக்குப் போனாலும் சாமியைக் கும்புடறதுக்கு முன்னால வெளக்குமாறு எங்கீங்கன்னு கேப்பா” என்பார் அவள் புருஷன் காளியண்ணன். அவர் சாது. வெற்றிலை வாயில் இருந்தால் போதும், உலகத்தோடு அவருக்கு வழக்கு இல்லை.

அந்தக் கைப் பழக்கம்தான் ஒரு கார்த்திகை மாதம் அத்தாயியைக் கொண்டுபோய் ஊர்ச் சண்டையின் நடுவில் நிறுத்தியது. வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். மலைக்கு ரோடு கிடையாது. உப்பு வேண்டுமென்றால் பேளுக்குறிச்சி சந்தைக்கு நடந்து இறங்கி, நடந்து ஏற வேண்டும்.

அத்தாயிக்கு ஒரே மகள், அம்சவேணி. ஓடைக்கு அந்தப் பக்கம் திருப்புலி நாட்டில் ராசு என்பவரின் மகனுக்குக் கட்டிக் கொடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நாலு வருஷமும் அத்தாயி அம்மனுக்கு வேண்டாத வேண்டுதல் இல்லை. அம்மன் கண் திறந்தாள். அம்சவேணிக்கு இப்போது ஏழு மாதம் முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. கார்த்திகை முடிவதற்குள் கூட்டி வந்துவிட வேண்டும். மார்கழியில் கூட்டி வர மாட்டார்கள். தைக்குப் போட்டால் பிள்ளை வழியிலேயே பிறந்துவிடும். அதனால் அத்தாயி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். கஞ்சிக்குப் புது ராகி, குழந்தைக்குப் பழைய சீலைக் கிழிசல், மருந்துக்குச் சுக்கு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

இந்த நேரம் பார்த்துத்தான் மிளகுத் தகராறு வந்தது.

இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஓடுகிற ஓடைக்கரையில் ஒரு பலாமரம். மரம் அத்தாயியின் அண்ணன் கருப்பண்ணனுடையது. அதன்மேல் ஒரு மிளகுக் கொடி ஏறியிருந்தது. கொடியின் வேர் இருப்பதோ ஓடைக்கு இந்தப் பக்கம் ராசுவுக்கு இருந்த நிலத்தின் வரப்பில். கொடி சின்னதாக இருந்த மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த வருஷம் சரம் சரமாகக் காய் பிடித்துத் தொங்கியதும் இரண்டு பேர் கண்ணும் அதன்மேல் போய்விட்டது.

“என்ற மரத்துல ஏறுனது என்றது” என்றார் கருப்பண்ணன்.

“எங்க ஊட்டுக் கை நட்டது எங்களுது” என்றார் ராசு.

“எந்தக் கை? பேரச் சொல்லு பாக்கலாம்.”

“அதெல்லாம் சொல்றதுக்கில்ல.”

“பாத்தியா, பாத்தியா! பேரு இருந்தாத்தான சொல்லுவ!”

எல்லையில் ஒரு கல் உண்டு. அதை எல்லையம்மன் என்று இரண்டு ஊரும் கும்பிடும். பேச்சு முற்றினால் அந்தக் கல்லுக்கு முன்னால்தான் கூடுவார்கள். அந்த இரண்டு ஊருக்கும் ஒரு வழக்கமும் இருந்தது. இனிமேல் பேச ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால், வழக்காளி தன் தோள்துண்டை எடுத்து அம்மன் முன்னால் தரையில் போடுவார். எதிராளி அதைக் குனிந்து எடுத்தால், வருகிற வெள்ளிக்கிழமை கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்கிறேன் என்று அர்த்தம். சத்தியத்தில் ஜெயித்த வீடும் தோற்ற வீடும் அதன்பிறகு மூன்று வருஷத்துக்கு நெருப்பு, தண்ணி பொழங்கக் கூடாது. ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கக் கூடாது. அவர்களைச் சேர்ந்தவர்களுக்கும் அதே கட்டுத்தான்.

கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் பயப்பட மாட்டார்கள். ஏனென்றால் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். போட்டவர் போட்ட கெத்தோடு நிற்பார். எதிராளி எடுக்காமல் முறைத்துக்கொண்டு நிற்பார். பிறகு எல்லோரும் தள்ளிப்போய் மர நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். பொழுது சாயும்போது ஊர்க்கவுண்டர் எழுந்து போய், “காத்துக்கு விழுந்துருச்சாட்ட இருக்குது, இந்தாப்பா” என்று துண்டை உரியவரிடமே கொடுப்பார். கோபமும் அதற்குள் ஆறியிருக்கும். ஒரு தலைமுறையாக இப்படித்தான் நடந்து வந்தது.

அன்று வியாழக்கிழமை. ராசு துண்டைப் போட்டார். கருப்பண்ணன் முறைத்தார். எல்லோரும் நிழலுக்குப் போனார்கள். வெற்றிலைப் பை கை மாறியது. ஊர்க்கவுண்டர் மாணிக்கம் கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார்.

மறுநாள் வெள்ளி ஆயிற்றே என்று அத்தாயி சாணிச் சட்டியும் கையுமாக எல்லையம்மன் வாசலுக்கு வந்தாள். பஞ்சாயத்து நடந்தது அவளுக்குத் தெரியாது. காலையிலிருந்து காட்டில் இருந்தவள். அம்மன் முன்னால் ஒரு துண்டு மண்ணில் கிடந்தது. ‘இந்த ஆம்பளைங்களுக்கு எங்க எதைப் போடறதுன்னு ஒரு வெவஸ்தையே இல்ல’ என்று முனகிக்கொண்டே குனிந்தாள், எடுத்தாள், இரண்டு உதறு உதறினாள், நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சாணி தெளிக்க ஆரம்பித்தாள்.

நிழலில் இருந்த இருபது பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

“அடியே! அடியே அத்தாயி!” என்று கருப்பண்ணன் ஓடிவந்தார்.

“என்னங்ணா? பாத்து வாங்க, ஈரம்.”

“கீழ போடுடி அதை!”

“எதுக்கு? இன்னும் தெளிச்சு முடிக்கல.”

அதற்குள் ராசுவும் வந்துவிட்டார். தான் போட்ட துண்டைச் சம்பந்தியம்மா எடுப்பாள் என்று அவர் சொப்பனத்திலும் நினைக்கவில்லை. பின்னால் நின்ற திருப்புலி நாட்டு ஆட்கள் அவரைச் சும்மா விடவில்லை. “எடுத்தாச்சு, எடுத்தாச்சு! அம்மன் பாத்துட்டா!” என்று கூச்சல் போட்டார்கள்.

மாணிக்கக் கவுண்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். “அம்மணி, உனக்கு வேற வேலை இல்லையா?”

“இதுதானுங்க வேலை” என்று சட்டியைக் காட்டினாள் அத்தாயி. பிறகுதான் துண்டையும் ஆட்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். விஷயம் புரிந்தது. சட்டி கையிலிருந்து நழுவி விழுந்தது.

எடுத்ததை எடுக்கவில்லை என்று ஆக்க முடியாது. கல்லுக்கு முன்னால் நடந்தது. கருப்பண்ணனின் கூடப் பிறந்தவள் எடுத்திருப்பதால் அவர் பக்கத்துப் பதிலாக அத்தாயிதான் வருகிற வெள்ளிக்கிழமை சத்தியம் செய்ய வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. நாளைக்கே என்றால் உடம்பு நடுங்குகிறது என்று அவள் கெஞ்சியதால் எட்டு நாள் தவணை கிடைத்தது. கொடி அண்ணனுடையது என்று சொன்னால், ராசு வீட்டோடு மூன்று வருஷம் கட்டு. அம்சவேணி தாய் வீட்டு வாசலை மிதிக்க முடியாது. கொடி ராசுவுடையது என்று சொன்னால், ராசு வீட்டுக்கு அண்ணன் வீட்டோடு கட்டு. அண்ணனைச் சேர்ந்தவள்தானே இவளும். அப்போதும் மகள் வர முடியாது. இது எல்லாவற்றுக்கும் மேலே, கொடி யாருடையது என்று அத்தாயிக்குத் தெரியவே தெரியாது. தெரியாததை அம்மன் முன்னால் எப்படிச் சொல்வது?

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. காளியண்ணன் அவள் பங்குக் கஞ்சியையும் குடித்துவிட்டு, “அம்மன் பாத்துக்குவா” என்றார்.

“அம்மன் எத்தனையத்தான் பாப்பா? கொஞ்சம் நீங்களும் பாருங்க” என்றாள் அத்தாயி.

நடுவில் சந்தை நாள் வந்தது. பலாக்கொட்டை மூட்டையோடு இருவரும் பேளுக்குறிச்சிக்கு இறங்கினார்கள். அங்கே பழனிமுத்து என்று ஒருவர். அடிவாரத்துக் குடியானவர், சொந்தக் காடு உள்ளவர். சின்ன வயதில் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத் துரையிடம் சமையலுக்கு இருந்ததால் நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரியும். தெரிந்த நாலையும் தினமும் சொல்லிவிடுவார். அத்தாயி முகம் வாடியிருப்பதைப் பார்த்து, “ஏனுங்கக்கா, என்ன சங்கதி?” என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள்.

பழனிமுத்து தொடையில் தட்டிச் சிரித்தார். “அட சாமி! இது துரைமாரு ஊர்லயும் உண்டுங்க. அவிய துண்டு போட மாட்டாங்க. கையுறையப் போடுவாங்க.”

“அப்புடின்னா?”

“குளிருக்குக் கையில மாட்டுவாங்களே, தோல்ல தச்சது. சட்டையாட்ட கைக்கு ஒண்ணு. அந்தக் காலத்துல ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆகலைன்னா, அதைக் கழட்டி எதிராளி கால் முன்னால வீசுவானாம். அவன் எடுத்துட்டான்னா, வா, கத்தியில பாத்துக்கலாம்னு அர்த்தம்.”

“எடுத்தவன் தெரியாம எடுத்திருந்தா?”

“தெரியாமயா? அப்புடி ஒருத்தரு நம்ம மலையில மட்டுந்தான் இருப்பாங்க.”

காளியண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அத்தாயி அவரை ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“இப்பவும் வீசறாங்களா?” என்று கேட்டாள்.

“இப்ப எங்கீங்க! இப்ப வெறும் பேச்சுத்தான். எங்க துரையும் அடுத்த தோட்டத்துத் துரையும் தண்ணி வாய்க்காலுக்கு மல்லுக்கு நின்னாங்க. ஒரு நாள் அந்தத் துரைகிட்ட இருந்து காயிதம் வந்துச்சு, கோர்ட்டுல பாத்துக்கறேன்னு. எங்க துரை படிச்சுட்டு, ‘பழனி, அவன் கையுறையைப் போட்டுட்டான்’னாரு. நான் பாவம், மேசைக்கு அடியில எல்லாம் குனிஞ்சு தேடுனேன். அப்புறந்தான் வெளங்குச்சு. சண்டை வரப்போகுது, இவனே கூப்புட்டுட்டான்னு சொல்றதுக்கு அப்புடி ஒரு பேச்சு. துரைசானி சமையல் சரியில்லைன்னு தட்டைத் தள்ளி வச்சாலும் அதேதான் சொல்லுவாரு. ‘கையுறை விழுந்துருச்சு, பழனி, நீ வெளிய போ.’”

“கடைசில உங்க துரை என்ன பண்ணுனாரு? வாய்க்கால் சண்டையில?”

“என்ன பண்ணுவாரு? குதிரையேறி வாய்க்கால் தொடங்கற எடத்துக்கே போனாரு. எதுக்குச் சண்டைன்னு நானே பாக்கறேன்னாரு. பாத்தா மேல பாறை சரிஞ்சு தண்ணியே வரல. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. அப்புறம் என்ன, ரெண்டு பேரும் சேந்து பாறையத் தள்ள ஆள் விட்டாங்க.”

மலை ஏறுகிற வழி முழுக்க அத்தாயி அதையே யோசித்தாள். எடுத்தது எடுத்தாயிற்று. ஆனால் எதற்காக எடுத்தோமோ அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. எல்லோரும் கல்லடியில் கத்தினார்களே தவிர, மரத்தடிக்கு ஒருவரும் போகவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஓடைக்கரைக்குப் போனாள். பலாமரத்தைச் சுற்றி வந்தாள். கொடியின் அடித்தண்டு கட்டைவிரல் கனம் இருந்தது. அடியில் மக்கிய சாணி, நன்றாகப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் யாரோ கூழாங்கல் அடுக்கி, மண் கரையாமல் வட்டம் கட்டியிருந்தார்கள். அந்த வட்டத்தைப் பார்த்ததும் அத்தாயிக்கு என்னவோ போல் இருந்தது. அவள் வீட்டில் துளசிக்கும் அப்படித்தான் கல் வட்டம்.

“அம்மா!”

ஓடைக்கு அந்தப் பக்கம் அம்சவேணி குடத்தோடு நின்றாள். வயிறு முன்னால் வந்திருந்தது. கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன.

“கண்ணு, நீ ஏன் தண்ணிக்கு வந்த? அந்த ஊட்டுல வேற ஆள் இல்லையா?”

“நானாத்தான் வந்தேன். நீ வருவேன்னு மூணு நாளா வாரேன்.” அம்சவேணி கொடியைக் காட்டினாள். “அதை நட்டது நானும்மா.”

“நீயா?”

“கல்யாணம் ஆன ஆடியில நீதான ஈரச் சாக்குல சுத்திக் குடுத்த, நம்ம ஊட்டுக் கொடியிலிருந்து முறிச்சு? ஊட்டுப் பக்கம் நட எனக்கு மனசு வரல. இங்க வந்தாத்தான் நம்மூர்ப் பொகை தெரியும். மாமன் மரந்தானே, யாரு கேக்கப் போறாங்கன்னு நட்டேன்.”

“உன்ற மாமனாருக்குத் தெரியுமா?”

“தெரியும். அவருதான் சாணி கொண்டாந்து போட்டாரு. மருமக பேரைப் பஞ்சாயத்துல இழுக்கறது மரியாதை இல்லைன்னு சொல்லிட்டாரு. வாயைத் தொறக்க வேண்டாம்னு எனக்கும் கட்டளை.”

அத்தாயி கல் வட்டத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “நான் சொன்னா அவருக்குக் கோவம் வருமே, கண்ணு.”

“வரட்டும்” என்றாள் அம்சவேணி. குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள். “எனக்கு நம்மூட்டுக்கு வரோணும்மா. அங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனாலும் எனக்குப் பயமா இருக்குது.”

ஓடையில் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. அத்தாயி இந்தக் கரையில் இருந்தே மகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு ஊரும் கூடியது. பொம்பளை சத்தியம் செய்கிற அதிசயத்தைப் பார்க்க மூன்றாவது ஊரிலிருந்துகூட வந்திருந்தார்கள். அத்தாயி தலைக்குக் குளித்து, விபூதி பூசி, ஈரச் சீலையோடு கல்லுக்கு முன்னால் நின்றாள். கற்பூரம் எரிந்தது. கல்லைப் பார்த்துச் சொன்னாள்.

“அம்மா தாயே, தெரிஞ்சதைச் சொல்றேன், தெரியாததைச் சொல்லல. துண்டைச் சண்டைக்கு எடுக்கல. சாணி தெளிக்க எடுத்தேன். அது ஒண்ணு. அந்தக் கொடியை நட்டது என்ற மக அம்சவேணி. முறிச்சுக் குடுத்தது நான். மரம் எங்கண்ணனுது. சாணி போட்டது சம்பந்தி. இதுல பொய் இருந்தா என்ற கண்ணு போயிரட்டும்.”

ராசு தலையைக் குனிந்துகொண்டார். மாணிக்கக் கவுண்டர் தாடையைச் சொறிந்தார்.

“ஏப்பா ராசு, நெசமா?”

“நெசந்தானுங்க. பொம்பளப் புள்ள பேரை எதுக்குங்க சபையில...”

“சரி. மரம் கருப்பண்ணனுது, கொடி அம்சவேணியுது. இதுல உன்றது என்னப்பா?”

ராசு யோசித்துப் பார்த்து, “சாணிங்க” என்றார்.

“அப்ப அதை வேணும்னா அள்ளிக்க.”

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியாது. காளியண்ணனாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அவருக்குப் புரையேறியது. பிறகு இரண்டு ஊரும் சிரித்தது. ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை, அதனால் கட்டும் இல்லை என்று கவுண்டர் சொன்னார். கொடி அம்சவேணிக்கு, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அத்தாயி கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்க வெகு நேரம் ஆயிற்று.

பழனிமுத்து சொன்ன கதை அதற்குள் காளியண்ணன் வழியாக இரண்டு நாட்டிலும் பரவியிருந்தது. கையுறையைக் கண்ணால் பார்க்காத ஊரில் எல்லோரும் அதைப் பேசினார்கள். மாமியார் மருமகளிடம் பேசாமல் பானையை டணாரென்று வைத்தால், “அந்த ஊட்டுல கையுறை விழுந்துருச்சு” என்பார்கள். சேவல் இரண்டு சிறகை விரித்துக்கொண்டு நின்றாலும் அதேதான்.

எல்லோரும் சிரித்தார்கள் என்றேன், கருப்பண்ணன் சிரிக்கவில்லை. தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர், ராசு இருக்கிற திசையில்கூடத் திரும்புவதில்லை. ராசுவுக்கும் சாணிப் பேச்சு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

கார்த்திகை முடிய நாலே நாள். மழை விடாமல் தூறியது. அம்சவேணியின் கால் வீக்கத்தைப் பார்த்த மருத்துவச்சி, மேடு ஏறக் கூடாது, தூக்கித்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஊர் இளவட்டம் எல்லாம் அறுவடைக் கூலிக்கு அடிவாரத்துக்கு இறங்கியிருந்தது. மாப்பிள்ளையும் அதில் ஒருவன். காளியண்ணனுக்கு முட்டி வலி. தூளி கட்டித் தூக்க இரண்டு கெட்டியான தோள் வேண்டும்.

அத்தாயி முதலில் அண்ணனிடம் போனாள்.

“அவன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்” என்றார் கருப்பண்ணன்.

“முழிக்க வேண்டாங்ணா. நீங்க முன்னால புடிங்க, அவரு பின்னால புடிக்கட்டும். அவரு மூஞ்சி உங்களுக்கு எங்க தெரியப் போகுது?”

பிறகு ஓடையைத் தாண்டிச் சம்பந்தியிடம் போனாள்.

“அவரு எங்கூடப் பேச மாட்டாருங்களே” என்றார் ராசு.

“யாரு பேசச் சொன்னா? தூக்கறதுக்கு வாய் எதுக்குங்க?”

மறுநாள் காலையில் கம்பளியை மூங்கிலில் கட்டி, அதில் அம்சவேணியைச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். முன்னால் கருப்பண்ணன், பின்னால் ராசு. அத்தாயி பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஓடையைத் தாண்டும் வரை ஒரு சத்தமும் இல்லை. முன்னால் போகிறவர் வேகமாகப் போனார். பின்னால் வருகிறவர் மெதுவாக வந்தார். தூளி இழுபட்டு ஆடியது. “அம்மா” என்று உள்ளேயிருந்து அம்சவேணி முனகினாள்.

கருப்பண்ணன் நின்றார். பின்னால் தூக்குகிறவருக்குத் தூளிதான் தெரியும், வழி தெரியாது. முன்னால் நின்றவர் திரும்பாமலே சொன்னார்.

“கல்லு.”

“ம்” என்றார் ராசு.

இரண்டடி போனதும், “பள்ளம், எடக்கைப் பக்கம்.”

“பாத்தேன்.”

“வழுக்குது. குதிகால ஊனி வாங்க.”

“செரி. கொஞ்சம் மெல்லப் போங்க, புள்ள குலுங்குது.”

“மெல்லத்தான போறேன்.”

“எங்க மெல்லப் போறீங்க?”

தூளிக்குள் அம்சவேணி சிரிக்கிற சத்தம் கேட்டது. அத்தாயி மகள் கால்மேல் மழை படாமல் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டே நடந்தாள். பாதி மேட்டில் ராசு தோள் மாற்றலாமா என்று கேட்டார். வீடு தெரிகிற திருப்பத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்றார் கருப்பண்ணன்.